எந்த ஆத்துக்கு?

முதலில் ஒரு திருட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உன் பதின்மூன்றாம் நாளன்று, எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து திருக்கண்ணமுதுப் பாயசத்தை வழித்துக்கொண்டிருந்த நேரத்தில், நான் பின்கட்டுக்குப் போய், துவைக்கிற கல்லுக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்த, சேற்றில் இறங்க நீ போடுகிற கம்பூட்ஸைத் திருடிக்கொண்டு வந்தேன். முந்தானைக்குள் ஒளித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போது உன் நாத்தனார் பிடித்துக்கொண்டாள்.

"என்ன, அதுக்குள்ள கிளம்பிட்டேள்?"

"வயிறு சரியில்லைங்க."

வயிறு இருந்த அளவைப் பார்த்து அவளும் நம்பிவிட்டாள்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு செய்த முதல் திருட்டு. அதுவும் செருப்புத் திருட்டு. அதுவும் அளவு சேராத செருப்பு. உனக்கு நீளக் கால். எனக்கு எங்கள் ஊர் மார்டள்ளியில் விளைகிற மரவள்ளிக்கிழங்கு மாதிரி குட்டையான, தடித்த கால். போட்டு நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் பூட்ஸ் தனியாக, நான் தனியாக வந்தோம். பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரணில் போட்டுவிட்டு மறந்துபோனேன்.

போன வாரம் தசராவுக்காக வீட்டை ஒழித்தோம். என் வீட்டுக்காரர் பரணில் ஏறினார். ஏறியவர் அங்கிருந்தே கத்தினார்: "ஏம்புள்ள, எலி கிலி செத்துக் கெடக்குதா இங்க?"

பையைப் பிரித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எலி இல்லை. உள்ளே காய்ந்து ஒட்டியிருந்த சேறு. சோப்புத் தண்ணீர், அழுகின இலை, கொஞ்சம் மனிதக் கழிவு, கொஞ்சம் மழை. நம் ஆற்றின் பழைய வாசனை. ஊரில் எங்குமே இப்போது அது கிடைக்காது. என் பரணில் மட்டும் இருக்கிறது. நான் பூட்ஸுக்குள் முகத்தை விட்டு மோந்து பார்த்துக்கொண்டிருந்ததை என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். இறங்கிப் போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் காப்பி போட்டது அதுதான் முதல் தடவை. நான் கலங்கிவிட்டதாக நினைத்திருப்பார் போல.

கலங்கவில்லை. எனக்கு உன்மேல் கோபம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் அந்தத் தெருவுக்குக் குடிவந்த முதல் வாரம் நினைவிருக்கிறதா? நான் ஹெப்பாள் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தேன். நீ உன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாய். நான் செல்போனில் அம்மாவோடு தமிழில் சண்டை போடுவது உன் காதில் விழுந்திருக்கிறது.

"தமிழா நீங்க? ஒரு நாள் சாவகாசமா ஆத்துக்கு வாங்கோளேன்" என்றாய்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் பக்கம் ஆறு என்றால் காவிரி. அதைக் கண்ணால் பார்க்கவே பஸ் ஏற வேண்டும். இந்தத் தெருவில் எனக்குத் தெரிந்த ஒரே நீர்நிலை, வீடுகளின் முதுகுக்குப் பின்னால் ஓடுகிற மோரி. மூக்கைப் பிடித்துக்கொண்டு கொல்லைக் கதவைச் சாத்துவோமே, அது.

"எந்த ஆத்துக்குங்க, மாமி?" என்றேன்.

நீ ஒரு நொடி என்னைப் பார்த்தாய். உங்கள் வீட்டுத் தமிழில் ஆத்துக்கு என்றால் வீட்டுக்கு என்று அர்த்தம், எங்கள் தமிழில் ஆற்றுக்கு என்று அர்த்தம் என்பது உனக்கு எனக்கு முன்னால் விளங்கிவிட்டது. அப்புறம் நீ சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது. என் கையைப் பிடித்து உன் வீட்டுக்குள் இழுத்து, சமையலறை வழியாகக் கொல்லைக்குக் கூட்டிப்போய்க் கதவைத் திறந்து, நுரைத்துக்கொண்டு ஓடிய சாக்கடையைக் காட்டினாய்.

"இந்தாத்துக்கு! ரெண்டும் ஒண்ணுதான், வசதி. இன்னொரு விஷயம். உனக்கும் எனக்கும் நாலு வயசு வித்யாசம் இருந்தா ஜாஸ்தி. மாமியாம் மாமி! நீ, வா, போன்னு கூப்பிடு."

அன்றைக்கு வேடிக்கையாகச் சொன்னது அந்த மோரிக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. நம் இரண்டு பேருக்குள் அது ஆறு. ஆறு என்று சொல்லிச் சொல்லி உனக்கே அது ஆறு என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. அதுதான் வினை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நீ என் வீட்டுக்கு வந்தாய். முகம் சரியில்லை. "இந்த ஜலம் எங்கே போறது தெரியுமோ?" என்று கேட்டாய். "கீழே ஏரி, ஏரி ரொம்பினா கால்வாய், கடைசியா ஸ்ரீரங்கப்பட்டணம் கிட்டே காவேரியில சேர்றதாம். பெருமாள் கால் நீட்டிப் படுத்துண்டிருக்கார். நம்மாத்து மோரியை நேரா அவர் பாதத்துக்கு அனுப்பிண்டிருக்கோம்டி!"

"நம்மாத்து மோரியா, நம்ம ஆத்து மோரியா?" என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. அப்போதே எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும்.

மறு ஞாயிறு கம்பூட்ஸும் மண்வெட்டியுமாக நீ மட்டும் இறங்கினாய். அதற்கடுத்த ஞாயிறு உன்னைப் பார்த்து வெட்கப்பட்டு நாலு பேர் இறங்கினார்கள். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் தெருவில் பாதிப் பேர். மெத்தை, டயர், சாயம் போன பிள்ளையார்கள், ஒரு முழு வாஷிங் மெஷின் என்று என்னென்னவோ வெளியே வந்தது. வாட்ஸ்அப் குழுவுக்குப் பெயர் வைக்கிற பொறுப்பை என்னிடம் விட்டார்கள். தமிழ்க்காரர்கள் சிலர் இருந்ததால் எங்கள் ஊர் வழக்கப்படி 'ஆத்துக்காரங்க' என்று வைத்தேன். ஆற்றைச் சேர்ந்தவர்கள் என்ற நல்ல எண்ணம்தான். நீ போனைப் பார்த்துவிட்டுச் சேற்றில் நின்றபடியே கத்தினாய்:

"அடியே, எங்காத்துப் பாஷையில ஆத்துக்காரர்னா புருஷன்! ஒருத்தரையே சமாளிக்க முடியலை. முப்பது பேரை என் தலையில கட்டிட்டியேடி!"

உன் ஒரே ஆத்துக்காரர் கரையில் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பாவம், சிரிப்பதா கோபித்துக்கொள்வதா என்று தெரியாமல் குடையை மடக்கினார். மழை பெய்துகொண்டிருந்தது.

குப்பையை அள்ளுவது சுலபம் என்று கொஞ்ச நாளிலேயே தெரிந்துவிட்டது. வீடுகளிலிருந்து வருகிற குழாய்தான் பெரிய தொல்லை. தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வந்து வருஷக்கணக்கு ஆகியும், பல வீடுகள் பழைய குழாயை மாற்றாமல் மோரியிலேயே விட்டுக்கொண்டிருந்தன. கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்த வீட்டைக் கை காட்டினார்கள். அதிலும் அதிக வீறாப்பாகப் பேசியவர் ஷிவண்ணா. பேங்க் மானேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். நம் குடியிருப்பு சங்கத்துக்கு அவர்தான் தலைவர். "நம்ம வீட்டுக் குழாயா? சான்ஸே இல்ல மேடம்" என்று எனக்காகத் தமிழிலேயே சொல்வார்.

உன் மூளை எப்படிப்பட்டது என்று அன்றுதான் பார்த்தேன். அவர் மனைவியைப் பார்க்கப் போகிற சாக்கில் வெற்றிலை பாக்கோடு போனாய். வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலம் ஒரு பாட்டில் உன் கைப்பையில் இருந்தது. பேச்சு நடுவில் பாத்ரூம் போக வேண்டும் என்றாய். நான் உன் கட்டளைப்படி அவர் வீட்டுப் பின்னால், மோரிக்கரையில், கொசுக்கடியில் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கரையிலிருந்த குழாய் வாயிலிருந்து கிருஷ்ணன் நிறத்தில் தண்ணீர் கொட்டியது.

மாடி பாத்ரூம் ஜன்னலில் உன் மூக்கு தெரிந்தது. "வந்துதாடி?"

"வந்துருச்சு!"

"எவ்ளோ?"

"தீபாவளிக்கு வெள்ளையடிக்கிற அளவுக்கு!"

உன் பின்னால் ஷிவண்ணாவின் மனைவி வந்து நின்றது எனக்குத் தெரிந்தது, உனக்குத் தெரியவில்லை. அந்த அம்மாள் உன்னைத் திட்டவில்லை. கீழே இறங்கிவந்து தன் கணவரைத்தான் திட்டினாள். அன்று சாயங்காலமே பிளம்பர் வந்தான். அதற்கப்புறம் தெருவில் எவர் வீட்டுக்கு நீ போனாலும் "பாத்ரூமெல்லாம் ரிப்பேருங்க" என்றார்கள். ஆனால் குழாய்களை மாற்றினார்கள். ஷிவண்ணா மட்டும் மானஸ்தர். பிடிபட்ட வெட்கத்தில் முழு நேர ஆற்றுக்காரராக மாறி, நம்மையெல்லாம் அதிகாரம் செய்ய ஆரம்பித்தார். அவரை அப்படியே எதிரியாக விட்டுவைத்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

தண்ணீர் தெளிய ஆரம்பித்தபோதுதான் சண்டை வந்தது. எல்லோருக்கும் ஆசை: வரிசையாகப் பூச்செடி, புல்வெளி, விளக்கு. நீ மட்டும் முடியாது என்று நின்றாய். கரையைச் சரித்துவிட்டு வெட்டிவேர் வைத்தாய். வளைவுகளில் கல் அடுக்கித் தண்ணீரை மெதுவாக்கினாய். நீர்மருது, அத்தி, நாவல், புங்கை என்று கன்றுகளைக் கண்டபடி நட்டாய். மற்றதை அதுவாக வரவிட்டாய். கோரை ஆளுயரத்துக்கு வளர்ந்தது. பாம்பு வரும் என்றார்கள். "வரட்டும், அதுக்கும் குடியிருக்க ஒரு ஆம் வேண்டாமா?" என்றாய். யாரோ கூலிக்கு ஆள் வைத்து ஒரு பக்கக் கரையைச் சுத்தமாக வழித்துவிட்ட அன்று நீ அழுததை நான் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாய்: "சுத்தம் பண்றது வேற, மொட்டை அடிக்கறது வேற."

நானும் உள்ளூர ஒரு பெஞ்சாவது போட்டால் தேவலை என்றுதான் இருந்தேன். உன்னிடம் சொல்லத் தைரியமில்லை.

பிறகு அது நடந்தது. மீன்கொத்தி வந்தது. குருட்டுக்கொக்கு வந்து, நம்மைவிடப் பொறுமையாக நின்றது. தேங்கின மடுவில் ஒரு நாள் கருப்பாக ஒரு பறவை, நெற்றியில் பளிச்சென்று வெள்ளை நாமம். நாமக்கோழி என்று பெயர் சொன்னதும் நீ குதித்தாய். "நம்மவா வந்துட்டாடி! வடகலையா தென்கலையான்னு பாரு!" பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் தண்ணீருக்குள் இறங்கித் தவளைக்குஞ்சு பிடித்தார்கள். ஆடு மேய்க்கிறவர் வந்தார். பீடி பிடிக்கிறவர் வந்தார். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்து உட்காருகிற மருமகள்கள் வந்தார்கள். அவர்கள் கதையெல்லாம் எனக்கு மனப்பாடம். இன்னொரு கடிதத்துக்கு ஆகும். கேட் கிடையாது, சீட்டு கிடையாது, நேரம் கிடையாது. காதலர்கள் வருகிறார்கள் என்று ஷிவண்ணா புகார் சொன்னபோது, "வேற எங்கே போவா? உங்காத்துக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டாய்.

அந்த மூன்று வருஷம் போல இனி என் ஆயுளில் இருக்கப்போவதில்லை. அதைச் சொல்லும்போதே எனக்கு எரிகிறது. ஏனென்றால் நீ அதை முடிக்காமல் போய்விட்டாய்.

உடம்பு மெலிந்தபோது டயட் என்றாய். நானும் பொறாமைப்பட்டேன். என்ன சாப்பிடுகிறாய் என்றுகூடக் கேட்டு எழுதிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. பார்க்க வந்தபோதெல்லாம் நான் கோமாளித்தனம் செய்தேன். நர்ஸுகள் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். முக்கியமாக ஒன்றுகூட நாம் பேசிக்கொள்ளவில்லை. ஆற்றை யார் பார்த்துக்கொள்வது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ போகப்போகிறாய் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அசட்டுத்தனமாக இருந்துவிட்டேன். கடைசி இரண்டு நாள் ஒருவரைத்தான் உள்ளே விட்டார்கள்; உன் பெண் மட்டும்தான் பக்கத்தில்.

அஞ்சலிக் கூட்டத்தை ஆற்றங்கரைக் கணபதி கோயில் ஹாலில் வைத்தார்கள். உன் படத்துக்கு இரண்டு ஆள் தூக்குகிற மாலை. வார்டுப் பிரமுகர் ஒருவர் வெள்ளைச் சட்டையில் முன் வரிசையில். எல்லோரும் கன்னடத்தில் பேசினார்கள். உன் பெண்ணைப் பேசச் சொன்னதும் அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கன்னடத்தில் ஆரம்பித்தவள், முடிவில் உன் குரலை அப்படியே எடுத்துக்கொண்டு தமிழில் சொன்னாள்: "கடைசியா அம்மா சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். 'ஆத்துக்குப் போகணும்.'"

அதற்குமேல் பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். ஹாலில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. ஷிவண்ணா மைக்கை எடுத்து, கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, "ஹாகந்தரெ ஏனு மேடம்? கன்னடதல்லி ஹேளி" என்றார். அப்படியென்றால் என்ன, கன்னடத்தில் சொல்லுங்கள் என்று.

எழுந்து நின்றேன். இரண்டு வார்த்தைகள் இருந்தன. மனெகெ என்றால் வீட்டுக்கு. ஹொளெகெ என்றால் ஆற்றுக்கு. எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடாது என்று எனக்குப் பட்டது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வெளியே ஜன்னலுக்கப்பால் உன் கோரை அசைந்துகொண்டிருந்தது.

"ஹொளெகெ ஹோகபேகு அந்த்ரு" என்றேன்.

ஹால் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. என் வாழ்நாளில் நான் சொன்ன எந்த ஜோக்குக்கும் இவ்வளவு பெரிய பலன் கிடைத்ததில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் கர்சீப்பை எடுத்தார். எடுத்துக் கண்ணைத் துடைத்தவர், நேராக மேடை ஏறினார். கடைசி மூச்சிலும் ஆற்றை நினைத்த அந்தத் தாயின் பெயரில் அங்கே ஒரு உத்யானவனம் அமைத்துக் காட்டுகிறேன் என்றார். கைதட்டல். நானும் தட்டினேன். நன்றாகவே தட்டினேன்.

உத்யானவனம் என்றால் அவர்கள் ஊரில் என்ன என்று எனக்கு மழை விட்டதும் தெரிந்தது. ஜேசிபி இரண்டு வந்தது. நான் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு ஓடினேன். எஞ்சினியர் சின்னப் பையன், மரியாதையானவன். வரைபடத்தைக் கார் முகப்பில் விரித்து எனக்குக் காட்டினான். இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர், மேலே டைல்ஸ் பாதை, கைப்பிடிக் கம்பி, நடுவில் நீரூற்று.

"கோரையை வெட்டாதீங்க" என்றேன். "அது அந்த அம்மா வளரவிட்டது."

"கிளீன் மாட்த்தீவி மேடம். அவர ஹெசரல்லே மாட்த்தாயிரோது" என்றான். அந்த அம்மாள் பெயரிலேயேதான் செய்கிறோம் என்று. அவன் முகத்தில் கள்ளமே இல்லை. நான் சந்தோஷப்படுவேன் என்று எதிர்பார்த்து நின்றான்.

ஷிவண்ணாவிடம் போய்க் கெஞ்சினேன். "தடுங்க சார். அவ இதுக்காகவா பாடுபட்டா?"

"மேடம், நீங்கதானே எழுந்து நின்னு சொன்னீங்க? ஆத்துக்குப் போகணும்னாங்க. இப்ப பாருங்க, எல்லாரும் ஆத்துக்குப் போகலாம். வயசானவங்க, குழந்தைங்க, வீல்சேர் எல்லாம். முன்னாடி யார் போனாங்க? நீங்க, நானு, ஆடு."

அவர் சொன்னதில் வீல்சேர் வரைக்கும் உண்மை. அத்தி, நாவல், நீர்மருது மூன்றையும் இரண்டு நாளில் எடுத்தார்கள். புங்கை ஒன்றை மட்டும் அழகுக்காக விட்டு, அதைச் சுற்றிச் சிமெண்டுத் திட்டு கட்டினார்கள். மீன்கொத்தி அந்த வாரம் வரைக்கும் கைப்பிடிக் கம்பியில் உட்கார்ந்து பார்த்தது. அப்புறம் காணோம்.

நீ இப்போது வந்தால் என்ன பார்ப்பாய் என்று சொல்கிறேன், கேள். வாசலில் கிரானைட் வளைவு, அதில் உன் பெயர், கன்னடத்தில் ஒரு எழுத்து தப்பாக. இரும்புக் கேட். திறக்கிற நேரம், மூடுகிற நேரம், தண்ணீரில் இறங்கக்கூடாது, செடியைத் தொடக்கூடாது என்று பலகை. உள்ளே சிமெண்டு மான் ஜோடி. குருட்டுக்கொக்கு நின்ற அதே இடத்தில் பைபரில் செய்த நாரை. அதன் வாயிலிருந்து போர்வெல் தண்ணீர் பீச்சுகிறது. நிஜத் தண்ணீர் கீழே, பள்ளத்தில், இரண்டு சுவர்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கிறது. எட்டிப் பார்த்தால் தெரியும். யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. சாயங்காலம் நிற்க இடம் இருக்காது. அவ்வளவு கூட்டம், அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாழாய்ப் போயிருந்தால்கூட நியாயமாக நாலு வார்த்தை திட்டியிருப்பேன். சந்தோஷமாக இருக்கிறவர்களை எப்படித் திட்டுவது?

திறப்பு விழாவுக்கு உன் பெண் பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். ரிப்பன் வெட்டினாள், லட்டு சாப்பிட்டாள், போட்டோவுக்கு நின்றாள். கூட்டம் கலைந்ததும் நாங்கள் இரண்டு பேரும் சிமெண்டு மானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நான் இந்தச் சுவரையும் டைல்ஸையும் பற்றிப் பொருமித் தீர்த்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக, "ஆன்ட்டி, ஒண்ணு சொல்லட்டுமா? கோச்சுக்கக்கூடாது" என்றாள்.

"சொல்லு கண்ணு."

"அம்மா ஆத்துக்குன்னா ஆத்துக்குத்தான் சொன்னா."

"எந்த ஆத்துக்கு?"

"நம்மாத்துக்கு. மனெகெ. ரெண்டு நாளா அதேதான். 'என் கட்டில்ல படுக்கணும், என்னைக் கூட்டிண்டு போ'ன்னு. டாக்டர் பேடா அந்த்ரு. நானும் வேண்டாம்னுட்டேன். டியூபெல்லாம் இருந்துதே ஆன்ட்டி." சிமெண்டு மானின் காதைத் தடவினாள். "இந்த ஆத்தைப் பத்தி அம்மா ஒரு வார்த்தைகூடப் பேசலை."

"அன்னிக்கு நான் கன்னடத்துல சொன்னப்ப நீ ஏன் சும்மா இருந்தே?"

"அத்தனை பேரும் அழுதுண்டிருந்தா. நீங்க சொன்னது நன்னா இருந்துது. நான் அம்மாவை ஆத்துக்கு அழைச்சுண்டு போகலைங்கறது அதுல மறைஞ்சுபோச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிளம்புவதற்கு எழுந்தவள், எதையோ நினைத்துக்கொண்டு திரும்பினாள். "ஒரே ஒரு தடவை, 'ஜலம் எவ்ளோ இருக்கு'ன்னு கேட்டா. பக்கத்துல இருந்த ஜக்கைக் காட்டினேன். தலையை ஆட்டினா. அவ்ளோதான்."

அவள் போன பிறகு நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வாட்ச்மேன் விசிலடித்தான். ஆக, உனக்குக் கடைசியில் வேண்டியிருந்தது ஒரு கட்டில். அதை நாங்கள் யாரும் தரவில்லை. தராமல், அதற்குப் பதிலாக நீ கேட்காத ஓர் ஆற்றை உன் வாயில் வைத்தோம். அந்த ஆற்றையும் உன் பெயரைச் சொல்லியே கொன்றோம். இதில் யாரை நொந்துகொள்வது? இரண்டுக்கும் ஒரே வார்த்தை வைத்துக்கொண்டிருந்த உன்னைத்தான் நொந்துகொள்ள முடிகிறது. செத்தவர்களிடம் கோபித்துக்கொள்வதில் ஒரு சௌகரியம், பதில் வராது. உன்னிடம் அது நடக்காது என்று நினைத்திருந்தேன். நீயும் பேசாமல்தான் இருக்கிறாய்.

ஜக்கை நீ தலையாட்டி ஏற்றுக்கொண்டாயா, இல்லை, "இதை யார் கேட்டா?" என்று தலையாட்டினாயா? தினமும் ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. சில நாள் ஒரு பக்கமும் சில நாள் மறுபக்கமும் தீர்ப்பு எழுதுகிறேன். உன் பெண்ணை மறுபடி கேட்கத் தைரியமில்லை.

நீ போன பிறகு எனக்கென்று மிஞ்சியது ஒரு வியாதி. எந்தச் சாக்கடையைப் பார்த்தாலும் இது எங்கே போகிறது என்று கேட்காமல் இருக்க முடிவதில்லை. ஹெப்பாளில் கம்பெனி வாசலில் ஒரு கால்வாய் ஓடுகிறது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் நின்று பார்ப்பேன். தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தச் சுவருக்குள் நுழைகிறது, மறுபடி எங்கே வெளியே வருகிறது. கூட வேலை செய்கிறவள் முதலில், "மோதிரம் விழுந்துருச்சா மேடம்?" என்று கேட்டாள். இப்போதெல்லாம் கேட்பதில்லை, காத்திருக்காமல் உள்ளே போய்விடுகிறாள். ஒரு சனிக்கிழமை மட்டும் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்று, தானும் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்கதான் போகுது இது?" என்றாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். உனக்குத் தெரிந்திருக்கும். அடுத்த ஞாயிறே இறங்கியிருப்பாய். நான் இறங்க மாட்டேன், பார்ப்பேன். பார்ப்பதோடு சரி.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் உனக்கு எப்படியும் தெரிந்துவிடும். இந்த வருஷம் எனக்கு முழங்கால் போய்விட்டது. மேடு பள்ளத்தில் நடக்கவே கூடாது, சமமான இடத்தில் தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கும்போது வெளியே முதல் ஆளாக நிற்பது நான்தான். டைல்ஸ் பாதை நடக்க நன்றாகத்தான் இருக்கிறது.